பட்டுப்போன மேப்பிள்: முன்வாசல் மரம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வீட்டின் முன்பக்கம் நிற்கும் சர்க்கரை மேப்பிள். வயது ஏறத்தாழ 70, உயரம் 19 மீட்டர். தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் அளந்தால் அடிமரத்தின் விட்டம் 68 சென்டிமீட்டர். குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 25 வரைக்கும், சில இரவுகளில் அதற்குக் கீழேயும் இறங்கும் ஊர் அது. மண் மாதக்கணக்கில் உறைந்து கிடக்கும். மரத்துக்கு மேற்கே இரண்டரை மீட்டரில் கார் வந்து நிற்கும் டிரைவ்வே, கிழக்கே ஆறு மீட்டரில் வீடு. சில வருடங்களாக மேற்குப் பக்க உச்சிக் கிளைகள் நுனியிலிருந்து பட்டுக்கொண்டே வந்தன.

மரப் பராமரிப்பாளனான என்னை அழைப்பதற்கு முன்பே வீட்டுக்கார அம்மாவிடம் இரண்டு தரப்பினர் ஆளுக்கொரு யோசனை சொல்லியிருந்தார்கள். மரத்தை அடியோடு எடுத்துவிடலாம் என்றது ஒன்று. மேலே பாதியை மொட்டையடித்தால் புதிதாகத் துளிர்க்கும் என்றது இன்னொன்று. அடிமரத்தில் ஓடிய நீளமான வெடிப்பைக் காட்டி, குளிர்தான் மரத்தைக் கொல்கிறது என்று இரண்டு தரப்பும் சொல்லியிருந்தன.

“நாங்க இந்த வீட்டுக்கு வந்தப்பவே இது பெரிய மரம், தம்பி. குளிர்ல வெடிச்சிடுச்சுன்னா நாம என்ன பண்ணமுடியும்?” என்று கேட்டார் அந்த அம்மா.

நியாயமான கேள்வி. ஆனால் சர்க்கரை மேப்பிள் குளிர் நாட்டிலேயே பிறந்து வளர்கிற மரம். அறுபது குளிர்காலத்துக்கு மேல் தாங்கிய மரம் திடீரென்று தாங்கமுடியாமல் போகிறது என்றால், மாறியது குளிராக இருக்க வாய்ப்புக் குறைவு. அதைச் சுற்றி வேறு எதுவோ மாறியிருக்கவேண்டும். அது என்ன, எப்போது மாறியது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

மரத்தின் மேல் தெரிந்தவை

நான் பார்த்தது ஆகஸ்ட் கடைசியில். தெருவில் மற்ற மேப்பிள்கள் எல்லாம் நல்ல பச்சையாக இருந்தன. இந்த மரத்தின் கிழக்குப் பாதியும் பச்சைதான். மேற்குப் பாதி மட்டும் அதற்குள் சிவக்கத் தொடங்கியிருந்தது. அழகாக இருக்கிறது என்று பலர் இதை ரசித்துவிட்டுப் போய்விடுவார்கள். மேப்பிள் ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் நிறம் மாறினால், அந்தப் பக்க வேரில் கோளாறு இருக்கிறதா என்று உடனே பார்க்கவேண்டும். இலைகளும் அங்கே சிறுத்து, ஓரம் கருகியிருந்தன.

அப்புறம் அந்த வெடிப்பு. தென்மேற்கு முகத்தில் ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு நெட்டுக்குத்தாக ஓடியது. குளிர்கால மதியத்தில் வெயில் அந்தப் பக்கத்துப் பட்டையைச் சூடாக்குகிறது. சூரியன் மறைந்ததும் வெப்பநிலை மளமளவென்று சரிகிறது. வெளிமரம் வேகமாகச் சுருங்க, உள்மரம் அதே வேகத்தில் சுருங்குவதில்லை. அந்த இழுவையில் மரம் நீளவாக்கில் பிளக்கிறது, சில நேரம் துப்பாக்கி சுட்ட மாதிரி சத்தத்தோடு. பெரும்பாலும் பழைய காயம் ஒன்று உள்ளே இருக்கும் இடத்தில்தான் இப்படிப் பிளக்கும். குளிரில் திறந்து கோடையில் மூடிக்கொள்ளும். மரம் ஒவ்வொரு வருடமும் அதன் இரு உதடுகளிலும் புதுத் திசுவை வளர்க்கும்.

இந்த மரத்தில் அந்த உதடுகள் இரண்டும் பருத்துப் புடைத்திருந்தன. அதாவது வெடிப்பு பழையது. கிளைகள் பட ஆரம்பித்ததற்கு வெகுகாலம் முந்தியது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. மரத்துக்குள் தண்ணீர் ஏறும் குழாய்களும் மேல்கீழாகத்தான் ஓடுகின்றன. அவற்றுக்கு இணையாக ஓடும் வெடிப்பு அவற்றில் மிகச் சிலவற்றையே கெடுக்கும். ஒரு பக்கம் முழுதும் தாகத்தில் வாடவேண்டுமானால் குழாய்கள் குறுக்கே அறுபடவோ நெரிபடவோ வேண்டும், அல்லது அடியில் வேரே இல்லாமல் போகவேண்டும். வெடிப்பின் இரு பக்கமும் மரச் சுத்தியால் தட்டிப் பார்த்தேன். பிளவை ஒட்டிய சிறு பகுதியில் மட்டும் சத்தம் மந்தமாக இருந்தது, மற்ற இடமெல்லாம் கணீரென்று கேட்டது, அதாவது அங்கே உள்மரம் திடமாகவே இருந்தது. யாரோ ஒருகாலத்தில் வெடிப்பின் மேல் தார் பூசியிருந்தார்கள். அதனால் பயன் ஒன்றும் இல்லை. மரக் காயத்துக்கு மேல்பூச்சு ஈரத்தை உள்ளே பிடித்துவைக்கத்தான் உதவும்.

எனக்குத் திசை காட்டியது வெடிப்பு அல்ல, மேற்குப் பக்கத்திலிருந்து எடுத்த ஒரு குச்சி. வசந்தத்தில் நுனி மொட்டு விரியும்போது அதன் செதில்கள் உதிர்ந்து, குச்சியைச் சுற்றி நெருக்கமான வளையத் தழும்பை விட்டுச் செல்லும். ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் இடைப்பட்ட நீளம் ஒரு வருட வளர்ச்சி. விரல் நகத்தால் தடவினாலே தெரியும். நுனியிலிருந்து பின்னோக்கி அளந்தேன்: 3 சென்டிமீட்டர், 3, 4, 4, 6, 9. அதற்கு முந்தியது 17, அதற்கும் முந்தியது 19. கிழக்குப் பக்கக் குச்சியில் இப்படிப்பட்ட சரிவு எதுவும் இல்லை.

ஆறு பருவத்துக்கு முன்னால் வளர்ச்சி பாதியாக விழுந்திருக்கிறது. சர்க்கரை மேப்பிளில் இந்த வருடம் நீளப்போகிற குருத்து பெரும்பாலும் போன வருட மொட்டுக்குள்ளேயே உருவாகிவிடும். அதனால் அடி விழுந்த மறுவருடம் குச்சியில் பெரிதாக எதுவும் தெரியாது, அதற்கடுத்த வருடம்தான் தெரியும். கணக்குப் பார்த்தால் அடி விழுந்தது ஏழு வருடத்துக்கு முன்னால். அந்த அம்மாவிடம் அப்போது இங்கே ஏதாவது வேலை நடந்ததா என்று கேட்டேன். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. “ரெண்டாவது கார் வாங்கினப்ப டிரைவ்வேயை அகலப்படுத்தினோம். அது ஏழு வருஷம் இருக்கும்.”

மண்ணுக்குள் தெரிந்தவை

முதிர்ந்த மரத்தின் வேர் ஆழமாகப் போகிறது என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. உண்மையில் பெரும்பங்கு வேர்கள் மேல்மண்ணின் 60 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். தண்ணீர் குடிக்கிற நுண்வேர்கள் இன்னும் மேலே, முதல் 30 சென்டிமீட்டரில் இருக்கும். பக்கவாட்டில் அவை கிளைப் பரப்பைத் தாண்டியும் வெகுதூரம் ஓடும். அடிமர விட்டத்தைப்போல 12 மடங்கு தூரம் வரை சுற்றிலும் வேரைத் தொடாமல் காக்கவேண்டும் என்பது மரப் பராமரிப்பில் புழங்கும் கணக்கு. இந்த மரத்துக்கு அது எட்டு மீட்டருக்குச் சற்று அதிகம். மேற்கே அது இரண்டரை மீட்டரில் நறுக்கப்பட்டிருந்தது.

அதோடு நிற்கவில்லை. டிரைவ்வே வேலையில் மிஞ்சிய மண்ணையும் ஜல்லியையும் மரத்தடியில் பரப்பி மட்டம் செய்து புல் போட்டிருந்தார்கள். பார்க்க ஒழுங்காக இருந்தது. ஆனால் ஆரோக்கியமான மரத்தின் அடி மண்ணைத் தொடுமிடத்தில் நாலாபக்கமும் அகன்று விரியும். கிழக்கே அந்த விரிவு நன்றாகவே தெரிந்தது. மேற்கே அடிமரம் நட்டுவைத்த கம்பம் மாதிரி நேராக மண்ணுக்குள் இறங்கியது. கைக்கரண்டியால் கிளறினால் 16 சென்டிமீட்டருக்குக் கீழேதான் பழைய மண் வந்தது. புதைந்த வேருக்குக் காற்று குறைகிறது. அடிமரப் பட்டை வெளிக்காற்றில் இருக்கவேண்டியது. ஈரமண்ணுக்குள் அது ஊறி அழுகும். இதைவிடக் கொடியது, மேலே கொட்டிய மண்ணில் புதிதாகக் கிளம்பும் வேர்கள் வெளியே போக வழியில்லாமல் அடிமரத்தைச் சுற்றியே வளைந்து ஓடுவது. வேரும் பருக்கிறது, மரமும் பருக்கிறது, ஒரு கட்டத்தில் வேர் மரத்தின் கழுத்தை நெரிக்கிறது. மேப்பிள் இனங்களில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

மூன்றாவது, உப்பு. டிரைவ்வேயில் தள்ளுகிற பனி முழுவதும் மரத்தடியில்தான் குவிக்கப்பட்டுவந்தது. அதில் வழுக்காமல் இருக்கத் தூவிய சோடியம் குளோரைடு முழுக்கக் கலந்திருந்தது. வசந்தத்தில் குவியல் உருகும்போது உப்பெல்லாம் அதே இடத்தில் இறங்கும். குளோரைடு இலை ஓரங்களில் சேர்ந்து கருக்கும். சோடியம் மண்ணிலுள்ள கால்சியம், மக்னீசியத்தை வெளியேற்றிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். களிமண் அப்போது தன் கட்டமைப்பை இழந்து இறுகிப்போகும், தண்ணீரும் காற்றும் உள்ளே போகாது. சர்க்கரை மேப்பிள் உப்பைத் தாங்காத மரங்களில் ஒன்று. ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிய மண்ணில், மேற்குப் பக்கச் சோடியம் பின்தோட்டத்தைவிடப் பலமடங்கு அதிகமாக இருந்தது. இங்கே ஒன்றைச் சொல்லியாகவேண்டும். சாதாரண உப்பு மைனஸ் 9, 10 டிகிரிக்குக் கீழே போனால் பனிக்கட்டியைச் சரியாக உருக்காது. உருகவில்லையே என்று மேலும் மேலும் அள்ளிப் போடுகிறோம். அந்த உப்பில் பெரும்பகுதி யாருக்கும் உதவாமல் நேராக வேருக்குப் போய்ச் சேர்கிறது.

பனியைப் பழிக்கக்கூடாது. உப்புக் கலக்காத, மிதிபடாத பனி வேருக்குப் போர்வை. மரத்தின் கிளை மைனஸ் 30ஐத் தாங்கும், வேர் அந்த அளவுக்குத் தாங்காது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள ஹப்பர்ட் புரூக் ஆய்வுக் காட்டில், சர்க்கரை மேப்பிள்களின் அடியிலிருந்து குளிர்காலத் தொடக்கத்தில் பனியை அகற்றிப் பார்த்தார்கள். மண் ஆழமாக உறைந்து நுண்வேர்கள் சேதமடைந்தன. ஆகவே மரத்தடிப் பனியை ‘சுத்தம்’ செய்வதும் தவறு, உப்புப் பனியைக் கொண்டுவந்து குவிப்பதும் தவறு.

சரி, குளிருக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு, ஆனால் கடைசியாக. கோடையில் சேர்த்துவைத்த சர்க்கரையை வைத்துத்தான் மரம் குளிருக்குத் தன்னைத் தயார்ப்படுத்துகிறது. மேற்குப் பாதியில் வேர் போய், இலை சிறுத்து, சேமிப்பு குறைந்த பிறகு, அதே மரம் முன்பு எளிதாகக் கடந்த குளிரில் நுனிக் கிளைகளை இழந்தது.

செய்தவை

முதலில் மொட்டையடிக்கும் யோசனையைக் கைவிடச் சொன்னேன். சாப்பாடு போதாமல் தவிக்கும் மரத்திலிருந்து சாப்பாடு செய்கிற இலைகளைப் பாதி பிடுங்குவது அது. வெட்டிய இடத்தில் கொத்துக்கொத்தாகத் துளிர்க்கும், உண்மைதான். அந்தத் துளிர்கள் மேலோட்டமாகவே ஒட்டியிருக்கும். பருத்து, பனிப்பாரம் ஏறும்போது முறியும். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து, 1970களில் ஒன்றைத் தெளிவாக நிறுவினார்: மரம் காயத்தை ஆற்றுவதில்லை, காயத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு அதன் மேல் புதிதாக வளர்கிறது. பலம் குன்றிய மரத்தில் பத்துப் பெரிய வெட்டு என்றால், அடைத்து முடிக்க வலுவில்லாத பத்துக் காயங்கள்.

இலையுதிர் காலத்தில் செய்தது வெறும் தண்ணீர். மழை இல்லாத வாரங்களில் குழாயை மெல்லத் திறந்து, 30 சென்டிமீட்டர் ஆழம் நனையும்வரை மரத்தைச் சுற்றி நகர்த்தி நகர்த்தி விட்டோம். மண் உறையும்வரை இது தொடர்ந்தது. இலை கொட்டிவிட்டது, இனித் தண்ணீர் எதற்கு என்று நினைக்கத் தோன்றும். வேர் மண் உறைகிற நாள்வரை வேலை செய்கிறது. பின்தோட்டத்தில் நின்ற முதிர்ந்த ஸ்புரூஸுக்கும் இதே தண்ணீர். ஊசியிலை மரம் குளிர்கால வெயிலிலும் காற்றிலும் ஈரத்தை இழந்துகொண்டே இருக்கும், உறைந்த மண்ணிலிருந்து அதைத் திரும்ப எடுக்கமுடியாது. மார்ச்சில் காற்றடிக்கும் பக்கம் மட்டும் பழுப்பாவது இதனால்தான்.

குளிர்காலத்தில் பனியைத் தள்ளும் திசையை மாற்றினோம். டிரைவ்வேயின் மறுபக்கத்தில் மரம் இல்லை, எல்லாம் அங்கே போனது. பனி மிதிபட்டு இறுகுவதற்கு முன்பே அள்ளிவிட்டு, பிடிமானத்துக்கு மணல் தூவினார்கள். வாசற்படியில் மட்டும், தேவைப்பட்டபோது, கொஞ்சமாகக் கால்சியம் குளோரைடு. உறைமழை பெய்து கிளைகளில் பனிக்கட்டி படிந்தால் கழியால் தட்டவேண்டாம் என்றும் சொல்லிவைத்தேன். உறைந்த கிளை வளையாது, ஒடியும். அது தானாக உருகட்டும்.

பிப்ரவரி கடைசியில் பட்டுப்போன கிளைகளை எடுத்தோம். இலை இல்லாததால் மரத்தின் சட்டகம் தெளிவாகத் தெரியும், பூச்சியும் பூஞ்சையும் அடங்கியிருக்கும், உறைந்த மண் ஆட்களின் மிதியில் இறுகாது. (ஓக் வாடல் நோய் இருக்கும் பகுதிகளில் ஓக் மரத்தை வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் கவாத்து செய்யவே கூடாது. புதுக் காயத்தின் வாசனைக்கு வரும் வண்டுகள் நோயைக் கொண்டுவரும். எல்ம் மரத்துக்கும் இலைக்காலக் கவாத்து ஆபத்து.) உயிருள்ள கிளை ஏறக்குறைய எதையும் தொடவில்லை. கனமான கிளைகளில் முதலில் அடிப்பக்கம் ஒரு சிறு வெட்டு, சற்று வெளியே தள்ளி மேலிருந்து இரண்டாவது வெட்டு, பாரம் விழுந்தபின் கிளை அடியிலுள்ள புடைப்புக்கு வெளியே கடைசி வெட்டு. அந்தப் புடைப்பில்தான் சுவர் எழுப்பும் திசு இருக்கிறது. அதையும் சேர்த்து வழித்தெடுத்தால் மரத்தால் காயத்தை அடைக்கமுடியாது. பூச்சு எதுவும் போடவில்லை.

மார்ச்சில் அந்த அம்மா பதறிப்போய் போன் செய்தார். கிழக்குப் பக்கம் நடைபாதைக்கு மேலே உராய்ந்துகொண்டிருந்த ஒரு சின்ன உயிர்க்கிளையையும் எடுத்திருந்தோம். “வெட்டின இடத்திலேர்ந்து தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கு, தம்பி. மரம் செத்துடாதே?” இரவு பூஜ்யத்துக்குக் கீழேயும் பகல் மேலேயும் போய்வரும் நாட்களில் மேப்பிளில் சாறு ஓடும், வெட்டிலிருந்து சொட்டும். மரத்துக்கு அதனால் கெடுதல் இல்லை. கட்டுப்போட்டு அடைக்கவேண்டாம் என்றேன். இலை விரிந்ததும் நின்றுவிட்டது.

மேலே இன்னொரு பலவீனம் இருந்தது. ஆறு மீட்டர் உயரத்தில் மரம் இரண்டு சமமான தண்டுகளாகக் குறுகலாகப் பிரிந்தது; கவையில் பட்டை உள்ளே மடிந்து மாட்டியிருந்தது. இப்படிப்பட்ட கவையில் மரமும் மரமும் பிணைவதில்லை. 1998 ஜனவரியில் கிழக்குக் கனடாவையும் வடகிழக்கு அமெரிக்காவையும் தாக்கிய உறைமழையில் லட்சக்கணக்கான மரங்கள் சிதைந்தன. பனிக்கட்டியின் பாரம் முதலில் தேடுவது இந்த மாதிரி இடங்களைத்தான். கவையிலிருந்து உச்சிவரையான தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் இரு தண்டுகளையும் எஃகுக் கம்பிவடத்தால் இணைத்தோம்.

மண் உருகி வடிந்தபின்தான் முக்கியமான வேலை. மண்வெட்டி போட்டால் மிஞ்சிய வேரும் போய்விடும் என்பதால், காற்றழுத்தக் கருவியால் மண்ணை ஊதி விலக்கினோம். வேர் காயாமல் இருக்க நனைத்த சணல் சாக்கு கையிலேயே இருந்தது. மேற்குப் பக்க அடிவிரிவு வெளிப்பட்டது, கூடவே நெரிக்கும் வேர்களும். ஒன்று கட்டைவிரல் பருமன். அதை அன்றே வெட்டி எடுத்தோம். இன்னொன்று மணிக்கட்டுப் பருமன், அடிமரச் சுற்றளவில் கால்பங்கை அழுத்திக்கொண்டு பட்டைக்குள் அமுங்கியிருந்தது. அதை நெம்பி எடுத்திருந்தால் அடியிலுள்ள உயிர்த்திசு பிய்ந்து வந்திருக்கும். இரண்டு முனையிலும் உளியால் துண்டித்து, நடுத்துண்டை அப்படியே விட்டோம். பருப்பதற்கு உயிர் இல்லாத வேர் இனி நெரிக்காது, மெல்ல மட்கும்.

அதிகப்படியான மண்ணை முழுக்க அள்ளிவிட்டு, ஆய்வுக்கூட முடிவின்படி மேற்குப் பக்கத்தில் ஜிப்சம் தூவினோம். அதிலுள்ள கால்சியம் சோடியத்தை வெளியேற்றும், தாராளமாக விட்ட தண்ணீர் அதைக் கீழே கொண்டுபோகும். புல்லை நீக்கி, மரத்தூளும் மரச்சில்லுகளும் கலந்த மூடாக்கு எட்டு சென்டிமீட்டர் கனத்துக்கு, அடிமரத்தைத் தொடாமல் ஒரு சாண் தள்ளிப் பரப்பினோம். உரம் போடவில்லை. வேர் குறைந்த மரத்தைத் தழைச்சத்து போட்டு இலைவிடத் தூண்டினால், அந்த இலைக்குத் தண்ணீர் கொடுக்க வேர் இருக்காது. கோடைக் கடைசியில் போட்டால் முற்றாத குருத்து குளிரில் மாட்டும். புல்வெளிக்கு அடிக்கும் களைக்கொல்லியையும் மரத்தைச் சுற்றி நிறுத்தச் சொன்னேன். டிகாம்பா கலந்த களைக்கொல்லி மண்ணுக்குள் இறங்கி மர வேருக்கும் போகும்.

பிறகு

முதல் வருடம் மரம் எதையும் காட்டவில்லை. மேற்கே இன்னும் சில நுனிகள் பட்டன. முதிர்ந்த மரத்தில் இது எதிர்பார்க்கவேண்டியதே. முதலில் வேர், அப்புறம்தான் கிளை. இந்த இடத்தில் பொறுமை இழந்து மரத்தை எடுத்துவிடுபவர்கள் நிறைய. அந்த அம்மா எடுக்கவில்லை, கோடை முழுக்கத் தண்ணீர் விட்டார்.

இரண்டாம் வருடம் மேற்கு இலைகள் ஓரளவு பழைய அளவுக்கு வந்தன, ஓரக் கருகல் வெகுவாகக் குறைந்தது. செப்டம்பர் நடுவில்தான் நிறம் மாறத் தொடங்கியது. மூன்றாம் வருடக் குச்சியில் 10 சென்டிமீட்டர் வளர்ச்சி. பழைய 17 இல்லை, ஆனால் 3லிருந்து 10. எல்லாம் தப்பவில்லை. மேற்குப் பக்கப் பெரிய கொம்பு ஒன்று திரும்பி வராமல் பட்டுப்போக, அதை எடுக்கவேண்டியிருந்தது. அந்தப் பக்கத் தலை இனி எப்போதும் கொஞ்சம் மெலிந்தே இருக்கும். தென்மேற்கு வெடிப்பு அப்படியேதான் இருக்கிறது, குளிரில் திறக்கிறது, கோடையில் மூடுகிறது. அதற்கு ஒன்றும் செய்யவில்லை, செய்யவும் தேவையில்லை.

கவலை தருவது மேற்கு வேர்தான். அடிமர விட்டத்தின் மூன்று மடங்குக்குள் வேரை வெட்டினால் மரம் சாயும் ஆபத்து மிக அதிகம். இங்கே வெட்டு விழுந்தது மூன்றரை மடங்குக்குச் சற்று அப்பால், எல்லைக்கு வெகு அருகில். அங்கே பெருங்காற்று வருவதும் மேற்கிலிருந்துதான். மரத்தைப் பிடித்து நிறுத்தவேண்டிய பக்கத்து வேர் குறைந்திருக்கிறது, விழுந்தால் வீட்டின் மேல் விழும். அதனால் அறிக்கையில் இப்படி எழுதிக்கொடுத்திருக்கிறேன்: ஒவ்வொரு பெருங்காற்றுக்குப் பிறகும் மேற்குப் பக்க மண்ணில் விரிசலோ மேடோ தெரிகிறதா என்று பார்க்கவேண்டும்; இலையுதிர் காலத்தில் அடிமரத்தைச் சுற்றிக் காளான் முளைக்கிறதா என்று பார்க்கவேண்டும்; கம்பிவடத்தையும் கவையையும் வருடம் ஒருமுறை ஏறிப் பார்க்கவேண்டும். மண் எழும்பியிருந்தால் அன்றே ஆளை அழைக்கவேண்டும், அந்தப் பக்க அறையில் யாரும் படுக்கக்கூடாது. காளான் வந்தால் அடிமரத்துக்குள் அழுகல் எவ்வளவு என்று கருவி வைத்து அளக்கவேண்டும். திடமரம் போதாது என்று தெரிந்தால் மரத்தை எடுத்துவிடவேண்டும். அந்த அம்மா அதைப் படித்துவிட்டு, காற்றடித்த மறுநாள் பார்க்கவேண்டிய இடத்தைச் சுற்றி நான்கு குச்சி நட்டுவைத்திருக்கிறார்.